அடி தெரியாத டிரம்

அத்தியாயம் 14

"ஒரு நாள் தர்றேன். ஒரே நாள்" என்று பேக்கரிச் சாவியை மேஜைமேல் வீசிவிட்டு மாடியேறிய மேனேஜரைப் போன வாரம் பார்த்தோம். கூரியர் அலுவலகத்தில் அவர் ஏழு பேருக்கு மேனேஜர். அதில் இரண்டு பேர் எப்போதும் விடுப்பில் இருப்பார்கள். அந்தக் குறையை அவர் வீட்டில் வந்து தீர்த்துக்கொள்வார்.

அந்த ஒரு நாள் இன்று விடிந்துவிட்டது.

முதலாளி, அதாவது மேனேஜரின் அப்பா, கண்மூடியதிலிருந்து ஏழு மாதமாகப் பேக்கரி பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துத் தெரு மாணவியர் விடுதியின் காப்பாளர் அம்மாள் மாதிரிக்கு அறுபது கோதுமை பன் கேட்டிருக்கிறார். மாலை நாலு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பிடித்துவிட்டால் தினமும் நானூறு பன். பிடிக்காவிட்டால் மேனேஜர் ஓவனை விற்றுவிடுவார். வாங்குகிறவர் நாளைக் காலை வருவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு அவர் தம்பி மனைவிக்கு, இளையவளுக்கு, அந்த வீட்டில் இருக்க இடமிருக்கும், நிற்க இடமிருக்காது.

இளையவள் பத்தொன்பது வயதில் அங்கே மாவு பிசைகிற வேலைக்கு வந்தவள். ஆறு வருடம் பிசைந்தாள். பிறகு முதலாளியின் சின்ன மகனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மேனேஜர் அவளுக்கு வைத்த பெயர் 'மாவுக்காரி'.

காலை எட்டரைக்குக் கணவனிடமிருந்து போன் வந்தது. புது மாவு, புது ஈஸ்ட் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேனில் வந்துகொண்டிருந்தவன் அவன்.

"பாலத்துல ஒரு லாரி கவுந்து கெடக்கு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. சாயங்காலம் ஆகும்ங்கறாங்க. மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பை வெச்சு நான் என்ன பன்னா சுடறது?"

"சரி, தப்புதான். மன்னிச்சுக்கோ."

அவனுக்கு நன்றாக வரும் ஒரே வேலை அது. அவள் போனை வைத்துவிட்டுப் பின்பக்கத்துச் சரக்கறைக்கு நடந்தாள். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த சரக்கில் என்ன தேறும் என்று பார்த்தாக வேண்டும்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே மூத்தவள் நின்றாள். மேனேஜரின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் மருந்தாளர். கையில் உறை, முகத்தில் மாஸ்க். காலடியில் மூன்று கறுப்புக் குப்பைப் பைகள், மூன்றும் வாய் கட்டப்பட்டு.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தேன்" என்றாள் மூத்தவள்.

"என்னத்தை?"

"காலாவதியானதை எல்லாம். ஈஸ்ட்டு, சோடா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, உப்பு, வெனிலா. அந்த மைதா மூட்டை கனம், அதனால கதவு பக்கத்துல தள்ளி வெச்சிருக்கேன். அதுவும் தேதி தாண்டி மூணு வாரம் ஆச்சு."

"உப்பையுமா?"

"பாக்கெட்ல தேதி போட்டிருக்கே."

"அது லட்சம் வருஷமா மலைக்குள்ள கெடந்தது அக்கா. போன மாசத்தோட கெட்டுப் போயிடுச்சாக்கும்?"

"உன்கிட்டப் பாடம் கேக்க நான் வரலை. தேதின்னா தேதி. தேதி தாண்டின மாத்திரையை என் கடையில ஒரு நிமிஷம் வெக்க மாட்டேன்."

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மூத்தவள் சொல்வது மருந்துக்குச் சரி. மாத்திரைக்குள் இருக்கும் சரக்கு எத்தனை நாள் தன் பலத்தோடு நிற்கும் என்று சோதித்துப் போட்ட தேதி அது. பாலிலும் இறைச்சியிலும் போடுகிற தேதியும் விளையாட்டுக்கு உரியதல்ல. ஆனால் மாவு, சர்க்கரை, ஈஸ்ட் போன்ற உலர்ந்த பொருள்களின் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு வகைத் தேதி. 'இதற்குள் பயன்படுத்தினால் நன்றாக இருக்கும்' என்று தயாரித்தவன் சொல்கிற வாக்கு அது. அந்தத் தேதி தாண்டிய பொருளிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கெட்டுவிட்டாயா என்பது ஒன்று. சோர்ந்துவிட்டாயா என்பது இன்னொன்று. கெட்டது உடம்புக்கு ஆகாது. சோர்ந்தது உடம்பை ஒன்றும் செய்யாது, வேலையும் செய்யாது. இரண்டையும் ஒன்றாக்கிக் குப்பையில் போடுவதற்குப் படிப்பு தேவையில்லை. அதைப் படித்தவள்தான் செய்துகொண்டிருந்தாள்.

இளையவள் மூன்று பைகளையும் பிசையும் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய் முடிச்சுகளை அவிழ்த்தாள்.

"குப்பையைக் கிளர்றா பாரு" என்று ஒரு குரல் கேட்டது. மேனேஜர் காபிக் கோப்பையோடு படியிறங்கி வந்திருந்தார். "பழக்க தோஷம். என்னம்மா மாவுக்காரி, காலாவதியானதை வெச்சு ஊரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறியா?"

"அனுப்பினாலும் எதிர்லயே அக்கா கடை இருக்கு பெரியத்தான். வியாபாரம் வீட்டை விட்டு வெளிய போகாது."

மேனேஜர் காபியைக் குடிப்பதுபோல் முகத்தைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். முதல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, மேலே நாலு சொட்டு வினிகர் விட்டாள். சீறிக்கொண்டு நுரை எழும்பியது.

"உயிரோட இருக்கு" என்றாள்.

சோடாவுக்குப் புளிப்பு வேண்டும், அதனால் வினிகர். பேக்கிங் பவுடரில் புளிப்பும் உள்ளேயே கலந்திருக்கும், அதற்கு ஈரமும் சூடும் போதும். அதனால் இரண்டாவது கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு கரண்டி பேக்கிங் பவுடரைக் கொட்டினாள். ஓரத்தில் நாலைந்து குமிழி வந்தது. பிறகு மாவுத் தண்ணீராய் அடங்கிப்போனது. காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து, டப்பாவுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பொங்கி முடித்துவிட்டது அது.

"இது செத்துப்போச்சு. விஷமில்ல, ஆனா பிரயோஜனமில்ல" என்று டப்பாவை அவளே குப்பைப் பைக்குள் திருப்பிப் போட்டாள்.

மூன்றாவது, ஈஸ்ட். பன் உப்புவது அதனால்தான். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய பாக்கெட், தேதி ஒரு மாதம் தாண்டியது. விரல் வைத்தால் இதமாக இருக்கும் தண்ணீரில் சர்க்கரை கரைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடி வைத்தாள். ஈஸ்ட் ஓர் உயிர். உறங்கிக்கொண்டிருந்தால் சர்க்கரையைக் கண்டதும் எழுந்து தின்று, காற்றை விடும். இறந்திருந்தால் அடியில் சேறாகப் படியும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

"பத்து நிமிஷம் இந்தக் கண்றாவியைப் பார்த்துட்டு நிக்கணுமா?" என்றார் மேனேஜர்.

"உங்களை யாரு நிக்கச் சொன்னது?" இதைக் கேட்டது மூத்தவள். அவள் மேஜையருகே வந்திருந்தாள். கிண்ணத்தை விட்டுக் கண் அகலவில்லை.

பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்தபோது ஈஸ்ட் இரண்டு விரல் கனத்துக்கு நுரைத்திருந்தது.

"சரி, அது போகட்டும்" என்று மூத்தவள் பின்வாங்காமலே பின்வாங்கினாள். "முக்கியமானது மாவு. அவங்க கேட்டது கோதுமை பன். இந்த அறையிலயே யோக்கியமான பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உன் கண்ணுலயே படல."

அவள் மூலையைக் காட்டினாள். முழுக் கோதுமை மாவு வைக்கிற நீல டிரம். இடுப்பு உயரம். மேலே பாக்கெட்டிலிருந்து கத்தரித்து ஒட்டிய தேதிச் சீட்டு. இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"அப்பா கையால ஒட்டினது" என்றார் மேனேஜர். அவர் குரலில் சட்டென்று ஒரு பக்தி. "அப்பா விஷயம்னா விஷயம்தான். நானே போன மாசம் வெள்ளையடிக்கறப்ப, வேற யாரையும் தொட விடாம, பத்திரமா சாய்ச்சு உருட்டி இந்த மூலையில கொண்டு வந்து வெச்சேன்."

இளையவளின் முகம் மாறியது. "உருட்டினீங்களா?"

"பின்னே, இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டா வருவாங்க?"

மூத்தவள் மூடியைத் திறந்து, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி முகர்ந்தாள். "ஒரு வாடையும் இல்ல. பூச்சி இல்ல. தேதி இருக்கு. பிசையற வேலையைப் பாரு. மணி பத்து."

இளையவளும் முகர்ந்தாள். உண்மைதான், ஒன்றும் தெரியவில்லை. மூன்றரைக் கிலோ எடுத்தால் அறுபது பன் ஆகிவிடும். முதல்முறையாக அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே பேச்சில் இருந்தார்கள். பேசாமல் பிசைந்தால் போதும்.

ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. ஒரு பிடி மாவை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, கெட்டிலிலிருந்து கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள். உலர்ந்த மாவு தன் வாடையை வெளியே விடாது. சூடு பட்டால் ஆவியோடு அது ஏறி வந்துவிடும்.

வந்தது. மெழுகு வண்ணக் குச்சிகளைப் பல வருடம் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடை. கூடவே பழைய எண்ணெயின் காறல். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. துப்பினாள்.

கோதுமை மணியின் முளையில் துளி எண்ணெய் இருக்கிறது. மைதாவில் முளையையும் தவிட்டையும் எடுத்துவிடுகிறார்கள், அதனால் அது நாள்படத் தாங்கும். முழுக் கோதுமை மாவில் அந்த எண்ணெய் அப்படியே இருக்கும். காற்றும் சூடும் பட்டுப்பட்டு அது காறிப்போகும். ஒரு பன் தின்றால் யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் தினமும் குழந்தைகள் தின்கிற சாப்பாட்டில் வைக்கத் தகுந்த மாவல்ல அது.

"இது ஆகாது" என்றாள்.

மூத்தவள் சிரித்தாள். "தேதி போனது எல்லாம் நல்லது, தேதி இருக்கறது கெட்டது. உனக்கு என் பேச்சைக் கேக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"அப்பா ஒட்டின சீட்டுக்கு மேல இவ நாக்கு பெருசு!" என்றார் மேனேஜர்.

"எப்படிக் கெட்டுதுன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள் மூத்தவள். "தேதி இருக்கற மாவு எப்படிக் கெடும்? காரணம் சொல்லு."

காரணம் இளையவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சொல்லாமலிருந்தாலும் குறையில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை, இன்னும் கொஞ்சம் வெனிலா, கசப்பு அடங்கிவிடும். ஆறு வருடம் அடக்கியவளுக்கு இது ஏழாவது வருடம், அவ்வளவுதான்.

"அந்தச் சீட்டு மேல கெடக்கற மாவுக்கு" என்றாள். "அடியில இருக்கற மாவுக்கு எந்தச் சீட்டும் கெடையாது. இந்த டிரம் நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒருதடவைகூடக் காலியானதில்ல. பாதியாச்சுன்னா மேல புதுசைக் கொட்டுவோம். பழைய சீட்டைக் கிழிச்சிட்டுப் புதுச் சீட்டு ஒட்டுவோம். அடி மாவு அடியிலயே கெடக்கும். நீங்க உருட்டினதுல அது இப்ப மேல வரைக்கும் கலந்துடுச்சு."

"யாரு கொட்டினது?" என்றாள் மூத்தவள்.

"நான்தான். ஆறு வருஷம்."

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். இப்படி ஒரு நாளுக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது. "கேட்டியா? கேட்டியா? அப்பாவுக்கே தெரியாம ஆறு வருஷம் ஊருக்குக் கெட்ட மாவைப் போட்டிருக்கா. இவளைத்தான் உன் கொழுந்தன் தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிட்டான்."

"தெரியாம இல்ல பெரியத்தான். அவர் சொல்லித்தான். சரக்கு போடறவங்க, வாடிக்கையாளருங்க எட்டிப் பார்த்தா டிரம் நிறைஞ்சிருக்கணும், நம்ம கடையில டிரம்மோட அடியை எவனும் பார்க்கக் கூடாதுன்னு சொல்வார். அதுல அவருக்கு ஒரு பெருமை."

"வாயை மூடு!" மேஜையில் அறைந்தார். ஈஸ்ட் நுரை தளும்பியது. "செத்தவர் மேல பழி போடறியா?"

"ஏங்க" என்றாள் மூத்தவள். "அப்பாவைச் சொன்னா உங்களுக்குக் கோபம் வருது. மாவைச் சொன்னா வரமாட்டேங்குது. இந்தாங்க, முகருங்க."

கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் முகர்ந்தார். முகம் தானாகச் சுளித்தது. பக்தி அதைத் தடுக்கவில்லை.

மூத்தவள் இளையவளிடம் திரும்பினாள். "உனக்காகச் சொல்றேன்னு நெனச்சுக்காதே. பழசை முன்னால வெச்சுத் தீர்த்துட்டுத்தான் புதுசைத் தொடணும். இது தெரியாதவளை என் கடையில மத்தியானம் வரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டேன். அவர் சொன்னா நீ செஞ்சிடுவியா?"

"நீங்க இந்த வீட்டுக்கு மருமகளா வந்தீங்கக்கா. நான் வேலைக்கு வந்தேன். வேலைக்கு வந்தவங்க சொன்னதைத்தான் செய்வாங்க."

"மருமகளா ஆனப்புறம்? அப்ப வாய் எங்க போச்சு?"

இளையவள் டிரம்மை மூடி வைத்தாள்.

கதவருகே கிடந்த மைதா மூட்டையை இழுத்து வந்தாள். தையல் பிரியவில்லை. பிரித்து, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து வெள்ளைத் தாளின்மேல் சலித்தாள். பூச்சியில்லை, நூலாம்படைபோல் ஒட்டும் புழுக்கூடு இல்லை, கட்டியில்லை. வெந்நீரில் கலக்கினாள். வெறும் மாவு வாசம். இந்த முறை அவள் கேட்காமலே மூத்தவள் குனிந்து முகர்ந்தாள்.

"இதுல செய்வேன்" என்றாள் இளையவள். "ஆனா அவங்க கேட்டது கோதுமை. தேதியும் தாண்டியிருக்கு. சொல்லாம அனுப்ப முடியாது."

காப்பாளர் அம்மாளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மாவுக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னிக்குக் கோதுமை மாவு வரலை. மைதா இருக்கு. அது பழசு... பழசுன்னா, தேதிதான் பழசு, மாவு பழசில்ல, அதாவது..."

"உளறாதே" என்று மூத்தவள் போனைப் பிடுங்கினாள். ஒரு விஷயத்தை யாராவது மோசமாகச் சொல்வதை அவளால் தாங்க முடியாது. "வணக்கம். நான் பதிவு பெற்ற மருந்தாளர் பேசறேன். மைதா, பிரிக்காத மூட்டை, சிறந்த பயன்பாட்டுத் தேதி மூணு வாரம் தாண்டியிருக்கு. பூச்சி, ஈரம், வாடை எதுவும் கெடையாது. நானே பார்த்தேன். புது மாவு சாயங்காலம் வருது. வேணும்னா இன்னிக்கு இது. வேண்டாம்னா வேண்டாம்."

மறுமுனையில் காப்பாளர் அம்மாள் கேட்டார். "மருந்தாளரா? நல்லதாப் போச்சு. நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு, பன்னோட அனுப்புங்க. அந்தத் தாள் இல்லாம ஒரு பன்னும் என் கேட்டுக்குள்ள வராது."

போன் வைக்கப்பட்டது.

தேதி தாண்டிய ஒரு பொருளுக்கும் தன் வாழ்நாளில் கையெழுத்துப் போடாதவள் மூத்தவள். காலையில் உப்பைக்கூட விட்டுவைக்காதவள். அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இளையவள் பிசைந்தாள். மாவு எழும்பியது, உருண்டையானது, மறுபடி எழும்பியது. மூன்று மணிக்கு அறுபது பன் பொன்னிறமாக ஓவனிலிருந்து வெளியே வந்தது. மூத்தவள் ஒன்றைப் பிய்த்து, முகர்ந்து, மென்று விழுங்கினாள்.

"எப்படியிருக்கு?"

"ருசி பார்க்க நான் வரலை" என்று உட்கார்ந்து தாளை இழுத்தாள். பேனா மருந்துச் சீட்டு எழுதும் வேகத்தில் ஓடியது. இளையவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். முதல் வரி மைதாவைப் பற்றி. இரண்டாவது வரி சோதனைகளைப் பற்றி. மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது.

'இதே பேக்கரியில் முன்பு குறைந்தது ஆறு ஆண்டுகள் கோதுமை மாவுக் கலம் காலி செய்யப்படாமல், காறிப்போன பழைய மாவின்மேல் புது மாவு நிரப்பப்பட்டு வந்தது. அந்தக் கலம் இன்று விலக்கப்பட்டது.'

"இது எதுக்குக்கா? அவங்க இதைக் கேக்கவே இல்லையே!"

"என் பதிவு எண் இருக்கற தாள்ல பாதி உண்மை இருக்காது. வேணும்னா எடுத்துட்டுப் போ. வேண்டாம்னா கிழிச்சுப் போடு."

மேனேஜர் எட்டிப் படித்தார். காதுமடல் சிவந்தது. "கிழி அதை. அப்பா பேர் போயிடும்! ஏய், உனக்கும்தான் சொல்றேன், ஆறு வருஷம் கொட்டினது நீ. உன் பேரும்தான் போகும். கிழிச்சுப் போடு. ஓவனை வேணா இன்னும் ஒரு மாசம் விக்காம வெக்கறேன்."

அவர் அவளிடம் கெஞ்சுவது அதுதான் முதல் தடவை. கெஞ்சும்போதும் விரலை ஆட்டிக்கொண்டுதான் கெஞ்சினார்.

இளையவள் கையைக் கழுவித் துடைத்தாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். இரண்டு தட்டுப் பன்னையும் தள்ளுவண்டியில் ஏற்றி வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

"போறியா?" என்றாள் மூத்தவள். அவள் குரலில் இருந்தது ஏளனமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது.

"பன்னு ஆறிடும்" என்றாள் இளையவள்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் நீள மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காப்பாளர் அம்மாள் துணியை விலக்கவில்லை. கையை நீட்டித் தாளைத்தான் வாங்கினார். நின்றபடியே படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் இளையவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த ஆறு வருஷத்துல கடைசி நாலு வருஷம் இந்த விடுதிக்கு உங்க கடைப் பன்னுதான் வந்தது. தெரியுமா?"

"தெரியாதும்மா. நான் உள்ள பிசைஞ்சுட்டு இருந்தேன்."

"யாரு கொட்டினதுன்னு இதுல எழுதலையே."

"நான்தான்."

காப்பாளர் அம்மாள் தாளைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார். கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எழுதினவங்களுக்குத் துணிச்சல் இருக்கு. கொண்டுவந்தவளுக்கு இருக்கான்னு பார்க்கணும். சாப்பிடப் போறவங்க இவங்கதான், நான் இல்ல. ஏறி நின்னு மூணாவது வரியைப் படி. கடைசி மேஜைக்குக் கேக்கணும். கேட்டப்புறம் இவங்க பன்னை எடுத்தா, நாளைலேருந்து நானூறு. எடுக்கலைன்னா வண்டியைத் தள்ளிட்டுப் போயிடு."

அறுபது முகங்கள் திரும்பின.

இளையவள் நாற்காலியில் ஏறினாள். தாளைப் பிரித்தாள். 'கலம் காலி செய்யப்படாமல்' என்றுதான் எழுதியிருந்தது, செய்தது யார் என்று இல்லை. அவள் அதை அப்படியே படிக்கவில்லை.

"நான் ஆறு வருஷம்..." என்று ஆரம்பித்தாள்.

முதல் மேஜையில் ஒரு பெண் வெள்ளைத் துணியின்மேல் வைத்திருந்த கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.